கூப்பிட்டால்தான் உள்ளே வருவான்

போன ஞாயிற்றுக்கிழமை பீரோவின் மேல்தட்டை ஒழித்தபோது உன் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. தடித்த ஆங்கில நாவல். நீ அட்டை போட்டிருந்த காலண்டர் தாள் பழுப்பேறிவிட்டது. பிரித்ததும் உங்கள் சூளைக் கொட்டகையில் காயும் வெள்ளை மண்ணின் வாசனை வந்தது. பக்க ஓரங்களில் உன் கட்டைவிரல் வெளுப்பாகப் பதிந்திருக்கிறது. பீங்கான் பியூஸ் கேரியர்களுக்கு விளிம்பு தேய்த்துக்கொண்டே படித்திருக்கிறாய், கையைத் துடைக்கும் அளவுக்குக்கூடப் பொறுமை இல்லாமல்.

காலண்டர் தாளை விலக்கிப் பார்த்தேன். அட்டைப்படத்தில் வெளிறிய முகத்தோடு ஒருவன். அவனுக்குப் பின்னால் மழையில் நனைந்த பெருநகரம். பார்த்ததும் பழைய எரிச்சல் வந்தது. பின்னாலேயே நீயும் நினைவில் வந்தாய்.

ஆங்கில இலக்கியம் இரண்டு வருடம் படித்தாய். மூன்றாம் வருடத்துக்குள் கல்யாணம். நான் எம்.ஏ. முடித்து, அரசாங்க வேலைக்கு வந்து, தகுதியில்லாதவர்கள் என்னைத் தாண்டிப் பதவி உயர்வு வாங்கிப் போவதைச் சேத்தியாத்தோப்பு அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புதுச்சேரிக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகங்கள் வாங்கிவருவேன். உனக்கென்று நல்ல நாவல்களாகப் பொறுக்குவேன். நீ கேட்டதெல்லாம் ரத்தக்காட்டேரிக் காதல் கதைகள்.

"இத போயி படிக்கிறியே. வெக்கமா இல்ல?"

"நீ வாங்கிட்டு வரியே, உனக்கு இல்ல?"

நாம் இப்படிப் பேசிக்கொண்டதெல்லாம் உன் வீட்டுக் கேட்டின் இரு பக்கமும் நின்றுதான். உள்ளே நீ, வெளியே ஸ்கூட்டரில் நான். உன் புருஷன் தன் செராமிக் கொட்டகையில் உடைந்துபோன சில்லுகளைக் கொண்டுவந்து கேட்டிலிருந்து வாசல்வரை கொட்டிப் பாதை போட்டிருந்தார். நீ நடந்துவந்தால் நொறுநொறுவென்று சத்தம் கேட்கும். ஹாரன் அடித்துவிட்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன்.

ஏன் வெளியே நின்றேன் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

உங்கள் புதுமனை புகுவிழா அன்று. அப்பாவும் அம்மாவும் இல்லாத உனக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். பட்டுப்புடவை, வேட்டி, பழம், குத்துவிளக்கு என்று சீர்த்தட்டோடு வந்தேன். கேட்டருகே மாப்பிள்ளை நின்றிருந்தார். அதே நேரம் அவரிடம் சரக்கு எடுக்கும் சேலத்து மொத்த வியாபாரி காரிலிருந்து இறங்கினார். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த தட்டைப் பார்த்தார். "வாங்க சார், வாங்க வாங்க" என்று என்னைத் தாண்டிக் காருக்குப் போய்விட்டார்.

"அவரு வேலையா இருக்காரு. நாம உள்ள போலாம்" என்றாள் என் மனைவி.

"வாங்கன்னு ஒரு வார்த்த வரலியே."

"அப்ப நீங்க நில்லுங்க. நான் போயி பால் குடிச்சிட்டு வரேன்."

அவள் போய்விட்டாள். நான் தட்டை மதில்மேல் வைத்துவிட்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்தேன். நீ ஓடிவந்தாய். புதுப்புடவையில் பால் சிந்தியிருந்தது.

"உள்ள வாண்ணா."

"மாப்பிள்ள கூப்பிடட்டும்."

"நான் கூப்பிடறேன் இல்ல?"

"நீ என் தங்கச்சி. வூட்டுக்காரரு அவரு."

தட்டைத் தூக்கிக்கொண்டு நீயே உள்ளே போனாய். நான் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டதாக நினைத்தேன்.

மாப்பிள்ளை சொன்னதை அடுத்த வாரம் கேட்டில் நின்று சொன்னாய். "மச்சானுக்குப் போயி வாங்க சொல்லணுமா? அவரு என்ன விருந்தாளியா?" என்றாராம். நல்ல சாக்கு. வியாபாரிக்கு மூன்று முறை வாய் திறந்தது, எனக்கு ஒருமுறை திறந்திருந்தால் தேய்ந்தா போயிருக்கும்? அதன்பிறகும் பல தடவை கேட்டில் என்னைப் பார்த்திருக்கிறார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். எத்தனை வருடம் நிற்கிறான் பார்ப்போம் என்று அவர் இருந்தார். எத்தனை வருடம் சொல்லாமல் இருக்கிறார் பார்ப்போம் என்று நான் இருந்தேன்.

"உன் கோவத்தையெல்லாம் அடுக்கி வச்சா ஒரு சூளை நெறயும்ணா" என்று ஒரு நாள் சிரித்தாய்.

அன்றுதான் அந்தக் கதைகளில் அப்படி என்ன இருக்கிறது என்று முதன்முறையாகக் கேட்டேன். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்.

"நம்ம ஊரு காட்டேரி கேக்காமலே மேல வந்து ஏறிக்கும். கருவாட்டுக் கொழம்பு வச்சுக் கெஞ்சித்தான் அனுப்பணும். இது அப்படி இல்லண்ணா. கூப்பிட்டாத்தான் உள்ள வருவான். ஒத்தக் கையால காரத் தூக்குறவன், ஒரு பொம்பள வான்னு சொல்ற வரைக்கும் நிலைப்படிய தாண்ட முடியல. அவ்ளோ பசியோட பக்கத்துல உக்காந்திருக்கான், தொடமாட்டேங்குறான்."

"முந்நூறு வயசுக் கெழவன்."

"முந்நூறு வருஷம் ஆகியும் அவ என்னா சொல்றான்னு காது குடுத்து கேக்குறான் பாரு. இங்க முப்பத்தஞ்சுலயே யாருக்கும் நேரம் இல்ல." பிறகு என் ஸ்கூட்டரைப் பார்த்தாய். "நீயும் அந்த ஜாதிதான்ணா. வாசல்லயே நிக்கிற. ஆனா அவனுக்குக்கூட இவ்ளோ ரோஷம் கெடையாது. ஒரு தரம் கூப்பிட்டா வந்துருவான். அதுக்கப்புறம் எப்ப வேணா வரலாம், போலாம்."

"அவன கூப்பிடறது வூட்டுக்காரனா?"

அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போய்விட்டாய்.

பதில் பிறகு ஆஸ்பத்திரியில் கிடைத்தது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய்ப் புதுச்சேரியில் படுத்திருந்தாய். ஆஸ்பத்திரியில் யாரும் யாரையும் வாங்க சொல்ல வேண்டியதில்லை, அதனால் நான் தாராளமாக வந்து உட்கார்ந்தேன். உன் முகம் வீங்கியிருந்தது. தலையணைக்கு அடியில் இந்தப் புத்தகம். எடுத்து என் மடியில் வைத்தாய்.

"படிச்சுப் பாருண்ணா. வையறதுக்காகவாவது படி."

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"நாளன்னிக்கு வூட்டுக்கு அனுப்பறாங்க. வருவியா?"

"மாப்பிள்ள சொல்லட்டும்."

"நான் சொல்றேனே."

நான் ஜன்னலைப் பார்த்தேன். நீ மெதுவாகச் சொன்னாய், "அன்னிக்கு கேட்டியே. இந்தப் புஸ்தகத்துல வூட்ல குடியிருக்கிறவங்க யாரு கூப்பிட்டாலும் செல்லும்ணா."

நான் சிரித்து மழுப்பினேன். உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் கேட்டுவரை வந்து ஹாரன் அடித்தேன். சில்லுச் சத்தம் கேட்கவில்லை. உன்னால் எழுந்து வர முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. மாப்பிள்ளை வெளியே வருவார் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. அவர் வீட்டில் இல்லை என்று பிறகு சொன்னார்கள். அப்படியென்றால் அந்த ஹாரனைக் கேட்டுக்கொண்டு உள்ளே நீ மட்டும்தான் படுத்திருந்தாய். கூப்பிட்டுப் பார்த்தாயோ என்னவோ, கேட்டுவரை குரல் வராது.

அடுத்த முறை நான் வந்தபோது கேட் அகலத் திறந்திருந்தது. சாவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று சொல்வதில்லை. அப்படித்தான் உன் வீட்டுக்குள் முதன்முதலாக வந்தேன். ஹாலில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை துக்கம் வாங்க இரு கைகளையும் நீட்டினார், நானும் தொட்டேன். மணிமுத்தாற்றுக் கரையில் எல்லாம் முடிந்ததும், போய்வருகிறேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் திரும்பினேன். அதுவும் முறைதான். பதினாறாம் நாள் காரியத்தையும் ஆற்றங்கரையோடு முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு உன் புத்தகத்தைப் படித்தேன். நடை சுமார்தான். ஆனால் உன் விரல் தடம் அதிகம் வெளுத்திருந்த பக்கத்தில் நின்றுவிட்டேன். அவள் ஒண்டுக்குடித்தன அறையின் கதவைத் திறக்கிறாள். வெளியே மழையில் அவன், உள்ளே வரலாமா என்று கேட்கிறான். அவள் உடனே சொல்வதில்லை. ஒன்றரைப் பக்கம் யோசிக்கிறாள். அதுவரை அவன் நனைந்துகொண்டே நிற்கிறான். கடைசியில் அவள் வா என்கிறாள், அந்த ஒரு சொல்லுக்குக் கதவு, நிலை, நகரம் எல்லாம் கட்டுப்படுகின்றன. நீ எதைத் திரும்பத் திரும்பப் படித்தாய் என்று புரிந்தது. பால் சிந்திய புடவையோடு நீ சொன்னதும் அதே சொல்தான். அதை உன் அண்ணனே செல்லாது என்றான்.

சாயங்காலம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஹாரன் அடிக்கவில்லை. கேட்டைத் திறந்து சில்லுகள்மேல் நடந்தேன். இந்த முறை சத்தம் என் காலடியில். செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியைத் தாண்டினேன். மாப்பிள்ளை டிவி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அவர் வாய் திறக்குமுன் நான் சொன்னேன்.

"என் தங்கச்சி கூப்பிட்டா. வந்தேன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உன் புத்தகங்கள் சமையலறையில், மிக்சிக்கு மேல் தட்டில் இருந்தன. கூடத்திலிருந்தே தெரிந்தது. எழுந்து போய் இதையும் அந்த வரிசையில் செருகினேன். வாங்க என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. அதை நான் மறக்கப் போவதில்லை.

கிளம்பும்போது சமையலறைப் பக்கம் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றேன். அவர் தலையாட்டினார். நான் அவரிடம் சொல்லவில்லை.