வயலின் சீட்டு

அன்புள்ள மகனுக்கு,

நான் திரையரங்கில் மயங்கி விழுந்ததாக உன் சித்தி சொல்லியிருப்பாள். விழவில்லை. எழுந்து நின்றேன். பின்வரிசைக்காரர் “உக்காருங்கம்மா, மறைக்குது” என்று மூன்று முறை சொல்லியும் நின்றேன். இவ்வளவு வயதில் முதன்முறையாக மரியாதை கெட்டு நடந்துகொண்டேன். அதற்கு அவள் வைத்த பெயர் மயக்கம்.

அந்தப் படத்துக்கு என்னை இழுத்துப் போனவளும் அவள்தான். அநாதைச் சிறுமி ஒருத்திக்கு வீடு கிடைக்கும் கதை. எதற்கெடுத்தாலும் பாட்டு. தபால்காரர்கூடக் கடிதத்தைக் கொடுக்காமல் ஆடுகிறார். நான் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு, அந்த வீட்டில் இறந்துபோன அப்பாவின் வயலின் கழுத்து முறிந்து கிடந்தது. அங்கே ஒரு விதி. தப்புச் செய்தவர் அதை எழுதி அம்மாவின் தட்டுக்கு அடியில் வைக்க வேண்டும். எழுதினால் தண்டனை இல்லை. நான் படித்த கன்னிமாடப் பள்ளியிலிருந்து நம் வீட்டுக்கு நான் கொண்டுவந்த விதி அது. வேறெந்த வீட்டிலும் நான் அதைக் கண்டதில்லை.

உனக்கு மறந்திருக்காது. உன் அப்பா இறந்த வருடம், தத்தெடுக்கும் எண்ணத்தில் அநாதை இல்லத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்துவந்தேன். உனக்கு ஒன்பது வயது, அவளுக்கு எட்டு. அவள் வந்த நாற்பதாம் நாள் உன் அப்பாவின் வயலின் உடைந்தது. என் தட்டுக்கு அடியில் அவள் கையெழுத்து: ‘வயலினை நான்தான் கீழே போட்டேன்.’ மறுநாளே காரில் ஏற்றித் திரும்ப விட்டுவிட்டேன். வழியில் ஒன்றே ஒன்று கேட்டாள். “எழுதிக் குடுத்துட்டேன்ல. அப்புறம் ஏன்?”



படத்திலும் அதே சீட்டு, அதே சொற்கள். ஆனால் படத்துச் சிறுமி எழுதும்போது பக்கத்தில் அந்த வீட்டுப் பையன் நின்று அழுகிறான். “நீ அழாத. நான் எழுதிடறேன். எழுதுனா அம்மா ஒண்ணும் செய்ய மாட்டாங்க” என்கிறாள். அங்கேதான் நான் எழுந்தேன்.

அந்தப் பையன் பிறகு உண்மையைச் சொல்லிவிடுகிறான். அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடி அவளைக் கூட்டிவருகிறாள். தெருவே பாடுகிறது. படம் முடிந்ததும் திரையில் ‘கதை, பாடல்கள்’ என்று ஒரு பெயர் வந்தது. இல்லத்துப் படிவத்தில் நான் என் கையால் எழுதிய, நம் வீட்டுக்கு வந்த அந்தப் பெண்ணின் பெயர். என் இடத்தில் என்னைவிட நல்லவளாக ஒருத்தியை நிறுத்தியிருக்கிறாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மற்றபடி சுகம். குளியலறைக் குழாய் சரியாகிவிட்டது. உன் இருமலுக்கு மருத்துவரைப் பார்த்தாயா?

அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் தொடங்கியிருக்கிறேன். மூன்று நாளாக முதல் வரியைத் தாண்டவில்லை. என்ன நடந்தது என்று தெரியாமல் எதற்கென்று மன்னிப்புக் கேட்பது?

எதுவானாலும் நீ என் பிள்ளை; நன்றாக இரு. தொலைபேசியில் கூப்பிடாதே, உன் குரலைக் கேட்டால் நான் இருமலைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிடுவேன். நம் வீட்டு விதி இன்னும் இருக்கிறது. இந்த முறை நான் மீற மாட்டேன். வயலினை உடைத்தது யார் என்று எனக்கு எழுதி அனுப்பு.

அம்மா