முற்றத்து பிர்ச் மரமும் பாய்லர் தாரும்

கூஹ்மோ,
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் ரீக்காவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நகக்கண்ணில் மட்டும் இன்னும் கரி போகவில்லை. லிஸ்பன் வெயிலில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே வீட்டைச் சூடாக்கும் விறகு பாய்லர் சரியாகச் சூடு தராமல் கொஞ்ச நாளாக வீட்டுக்குள்ளேயே கம்பளிக் குல்லாயோடு திரிந்தோம். புகைபோக்கி சுத்தம் செய்கிற பியாவை வரச் சொன்னேன். அவள் பாய்லர் கதவைத் திறந்து டார்ச் அடித்தாள், உள்சுவர் முழுக்கத் தார் கண்ணாடி மாதிரி பளபளவென்று உறைந்து கிடந்தது, புகைபோக்கியிலும் அதே கதை. "ஈர விறகைப் போட்டு, காத்துக் கதவையும் சாத்தி வச்சீங்களாக்கும், இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா கூரையே பத்தியிருக்கும் தௌனோ" என்றாள். விறகைப் பற்றி ஊருக்கே புத்தி சொல்கிற உன் அப்பா குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

புகைபோக்கியைத் தேய்த்து முடிக்கும் வரை பாய்லரைப் பற்ற வைக்கக் கூடாது என்றுவிட்டாள். குழாய்த் தண்ணீர் உறையாமலிருக்க வீட்டில் கரண்ட் ஹீட்டரைப் போட்டுவிட்டு, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நீராவிக் குளியல் போடுகிற சவுனா கட்டிடத்துக்குக் குடிபோனோம். அங்கே வைத்துத்தான் ஏன் ஈர விறகைப் போட்டீர்கள் என்று உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "ரீக்காவோட மரம் இர்மெலி" என்றார். உன்னிடம் மறைத்துவிட்டோம், உன் ஞானஸ்நானத்தன்று முற்றத்தில் நட்ட பிர்ச் மரம் செப்டம்பர் காற்றில் சாய்ந்துவிட்டது. "கிறிஸ்மஸுக்கு வர்ற புள்ள அது கெடக்கிறதப் பாக்க வேணாம்னு அதுக்குள்ள எரிச்சு முடிக்கப் பாத்தேன்" என்றார். திட்ட வாயெடுத்தவள் சவுனா அடுப்பின் சூட்டுக் கல்லின் மேல் ஒரு அகப்பை தண்ணீர் ஊற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கும் அழுகை வந்தது.

பியா மறுபடி வந்து புகைபோக்கியைத் தேய்த்துவிட்டு, காய்ந்த விறகைச் சன்னமாகப் பிளந்து பாய்லரில் கொஞ்சநேரம் நன்றாக எரியவிட்டாள். தார் காய்ந்து பொருக்காக வெடித்தது. ஆறியதும் அப்பாவே சுரண்டியை வாங்கிச் சுரண்டினார், வாளி வாளியாக வந்தது. இப்போது வீடு கதகதவென்று இருக்கிறது, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீ வந்து முற்றத்தைப் பார்த்ததும் அவரிடம் ஒன்றும் கேட்காதே. கம்பளிக் காலுறை மறக்காதே. பாதி மரம் இன்னும் கொட்டகையில் அடுக்கியிருக்கிறது, காய இரண்டு கோடை ஆகும். அது காய்ந்த பிறகு வருகிற குளிர்காலத்துக்கும் நீ வந்தாக வேண்டும், உன் கையால்தான் அதைப் பற்றவைக்க வேண்டும் என்கிறார் அப்பா. கடவுள் உன்னைக் குறைவில்லாமல் காக்கட்டும்.

உன் அம்மா,
இர்மெலி