கண் சிமிட்டாத வேடம்

மார்ச் 9
பெய்ஜிங் முழுக்க மண்காற்று. சோயா சாஸ் விளம்பரம் ஒன்றுக்கு மாமியாராக நின்று காட்டிவிட்டு வந்தேன். மருமகளுக்கு என்னைவிட ஆறு வயதுதான் குறைவு. இந்த வேடம் கிடைக்காது.

நான் நடித்த டிராம் தொடர் மே மாதம் டிவியில் வருமாம். எடுத்து மூன்று வருடம் ஆகிறது. நாடகக் கல்லூரியை விட்டு வந்ததிலிருந்து அத்தைகள், செவிலிகள், அரண்மனைத் தாதிகள். இந்த ஒன்றில்தான் நான் ஓர் ஆள்: டிராம் நடத்துநர், கதாநாயகனின் அம்மா. வேலை போய்விட்டது என்று சொன்ன பிறகும், இனி ஓடாத வண்டியின் சன்னல்களை எல்லாம் துடைத்து முடிக்கிறாள். வெளியே மகன் காத்து நிற்கிறான். ஒரே ஷாட், வசனம் கிடையாது. இயக்குநர் காங் ‘கட்’ சொல்ல மறந்துவிட்டார்.

மார்ச் 15
ஹார்பினிலிருந்து அப்பா ஃபோனில்.
“எப்போ போடுவாங்க நிங்? நான் இருக்கும்போதா, போன பிறகா?”
மே என்றேன்.
“எந்த மே?”

ஏப்ரல் 2
தொடரில் என் மகனாக நடித்த கதாநாயகன் காவ் ஷென் குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டான். மாலைக்குள் அவன் பெயரே எங்கும் இல்லை; இங்கே அப்படிப் பிடிபட்டவன் நடித்த எதையும் வெளியிட விடமாட்டார்கள். என் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் லூ ஃபெய் பதறுகிறாள். “நிங் அக்கா, யார் கேட்டாலும் வாயத் திறக்காதீங்க. அவனோட எடுத்த போட்டோ போட்டிருந்தா உடனே எடுத்துடுங்க.”

என் காட்சிகள் எல்லாமே அவனோடுதான்.

ஏப்ரல் 27
தெருவெல்லாம் பாப்லர் மரத்துப் பஞ்சு. புதுப் பையன் ஒருவனை வைத்து காவ் ஷென்னின் பகுதிகளை மறுபடி எடுக்கிறார்களாம். என்னைக் கூப்பிட வேண்டுமே?
“கூப்பிடாம? அம்மா இல்லாம கதை எங்க இருக்கு?” என்றாள் ஃபெய்.
தலைக்குச் சாயம் போடுவதை நிறுத்திவிட்டேன். அந்த வேடத்துக்கு நரை வேண்டும்.

மே 20
இன்னும் அழைப்பு இல்லை. ஆனால் அவசரமாகப் புகைப்படம் கேட்கிறார்கள் என்கிறாள் ஃபெய். “நேரா பாக்கணும், லேசா சிரிச்ச மாதிரி, பின்னாடி ஒண்ணும் இருக்கக் கூடாதாம்.”
“போஸ்டருக்கா?”
“வேற எதுக்கு அக்கா!”
மதியம் முழுவதும் படம் தேர்ந்தெடுப்பதிலேயே போயிற்று. இந்த வயதில் இப்படிப் பறப்பேன் என்று நினைக்கவில்லை.

ஜூன் 6
தயாரிப்பு நிறுவனத்திலிருந்து சிவப்பு உறை வந்தது, உள்ளே கொஞ்சம் பணத்தோடு. பண்டிகை இல்லை. படம் முடிந்த விருந்தும் இல்லை. பிறகு — ஓ.

பிணமாகப் படுத்தவருக்கும், இறந்தவர் படத்துக்கு முகம் கொடுத்தவருக்கும் தோஷம் கழியக் கொடுப்பது.

ஃபெய்யைக் கூப்பிட்டேன். “சத்தியமா எனக்குத் தெரியாது அக்கா. கதை ஆரம்பிக்கும்போதே அம்மா செத்துப் போயிருக்கிறதா மாத்திட்டாங்க. சுவத்துல போட்டோ மட்டும்தான்.”
“சன்னல்?”
“எந்த சன்னல்?”

ஃபோனை வச்சிட்டேன். எனக்கு எதுக்குடி போஸ்டர்? நரைச்ச தலையோட கண்ணாடி முன்னாடி நின்னுட்டு —

வாங்கிய அன்றே உறையைச் செலவழித்துவிட வேண்டும், வீட்டில் வைக்கக் கூடாது என்பார்கள். இதையெல்லாம் நான் நம்புவதில்லை. மேசைமேல் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 18
தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவிடம் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார்.
“பாத்தேன். கண்ணே சிமிட்டலயே நீ! எந்த நடிகைக்கு அது வரும்?”
சிரித்தார். நானும் சிரித்தேன்.
“அந்தப் பையன் உனக்கு ஊதுபத்தி ஏத்த வந்தான். நான் டிவிய அணைச்சிட்டேன்.”

செப்டம்பர் 11
வேறொரு நிறுவனம் கேட்கிறதாம், ஃபெய் சொன்னாள். “நடிக்க இல்ல அக்கா… போட்டோ மட்டும். உங்க முகத்துல ஒரு அமைதி இருக்குன்னாங்க.”
அனுப்பு என்றேன்.

கீழே இறங்கிப் போய், பழைய உறையில் இருந்ததற்கெல்லாம் பேரிக்காய் வாங்கி வந்தேன். அடுத்த உறைக்கு மேசையில் இடம் வேண்டுமே.