பூங்கோதை வீட்டு மோடம்

நிலவு நிலையம், ஒற்றை ஆள் காவல். எழுதுபவர்: தணிகாசலம்.

செவ்வாய், 09:10
காற்று இயந்திரம் ஓடுகிறது. மின்சாரம் தடுமாறினால் அது நின்றுவிடும். மறுபடி ஓடப் பூமியிலிருந்து அனுமதி வர வேண்டும்; நான் கை வைக்கக் கூடாதாம், பாதுகாப்பு விதி. எழுதினவன் நாசமாய்ப் போக. நின்றால் உள்ளே இருக்கும் காற்று ஐந்து மணி நேரம் தாங்கும்.

அனுமதி தருகிறவள் பூங்கோதை. கட்டுப்பாட்டு அறையை மூடிவிட்டு எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். ஆக, என் மூச்சு அம்பத்தூரில் ஒரு வீட்டு மோடம் வழியாக வருகிறது.

செவ்வாய், 16:40
இயந்திரம் நின்றது. அனுமதி வர ஒன்றரை மணி நேரம்!

"நெட் ரொம்ப ஸ்லோ சார். கொழுந்தனார் மேட்ச் பாக்குறாரு."

எனக்கு இங்கே தலை சுற்றுகிறது, அவருக்கு ஸ்கோர் முக்கியம். மோடம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"பீரோவுக்குப் பின்னாடி சார். தூசி படக்கூடாதுன்னு அத்தை துணி போட்டு மூடியிருக்காங்க."

இரும்பு பீரோ! வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

புதன், 10:05
மோடத்தை வெளியே எடுத்து உயரத்தில் வைக்கச் சொன்னேன். கணினிக்கு நேராக ஒயர் இழுக்கச் சொன்னேன். பாஸ்வேர்டையும் மாற்றியாயிற்று, மாடி வீட்டுக்காரர்கள் வேறு அதில் ஓசியில் படம் பார்த்திருக்கிறார்கள். வேகம் கொஞ்சம்தான் ஏறியது. அரதப் பழசு. "புதுசு வாங்கித் தொலையேம்மா!" என்று கத்தினேன். அழுதுவிட்டாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

வெள்ளி, 11:30
புது மோடம் மாட்டியாயிற்று. சோதித்தோம். நான்கே நொடியில் அனுமதி வந்தது.

"இப்ப சந்தோஷமா சார்?"

சந்தோஷம்தான். அதைக்கூட எரிச்சலோடுதான் சொன்னேன்.

ஞாயிறு, 15:20
இயந்திரம் நின்றுவிட்டது. இணைப்பே இல்லை. அவள் போனுக்கும் தலைமையகத்துக்கும் எழுத்துச் செய்தி மட்டும் அனுப்பும் பழைய ரேடியோ ஒன்று இருக்கிறது. திறந்தேன். மதியமே அவளிடமிருந்து வந்து கிடக்கிறது:

"ஆயுத பூஜை வாழ்த்துகள் சார். உங்க உயிரக் காப்பாத்துற மோடமாச்சே, கழட்டி சந்தனம் குங்குமம் வெச்சு சாமி முன்னாடி வெச்சிருக்கேன். லேப்டாப்பும் போனும்கூட வெக்கப் போறேன். ரெண்டு நாளா மெஷின் நிக்கலையே, அந்தத் தைரியம்தான். நாளைக்குக் காலைல எடுத்ததும் மொத வேலை உங்களோடதுதான் சார்."

காலையில்!

ஞாயிறு, 16:10
தலைமையகத்துக்கு அனுப்பினேன். தானியங்கிப் பதில்தான் வந்தது: "பண்டிகை விடுமுறை. அலுவலகம் செவ்வாயன்று திறக்கும்." பூங்கோதைக்கு விடாமல் அனுப்புகிறேன். எல்லாம் போய்ச் சேருகிறது. சாமி படத்துக்கு முன்னால் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருக்கும். யாராவது எடுத்துப் பாருங்களேன்!

ஞாயிறு, 18:45
மண்டை பிளக்கிறது. இதைக் கண்டெடுப்பவருக்கு: அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள். என் மேல் அவளுக்கு அக்கறை உண்டு. விதி எழுதினவனையும் அறையை மூடினவனையும் பிடித்து உலுக்குங்கள். ஒரே ஒரு பொத்தான். என் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, பூட்டி வைத்திருக்கிறான்கள்.

ஞாயிறு, 19:30
ரேடியோ சொல்கிறது: "செய்தி சேரவில்லை. போன் அணைக்கப்பட்டுள்ளது."

சத்தம் தொந்தரவாக இருந்திருக்கும். யாரோ அணைத்துவிட்டார்கள்.

ஞாயிறு, 20
விரல் சரியாக விழவில்லை. இருந்தாலும் அனுப்புகிறேன்

பூங்கோதை சாமி கோவிச்சுக்காது நான் நேர்ல சொல்லிக்கிறேன் மோடத்த மட்டும் எடுத்து