இலவம் பஞ்சுக் கோட்டும் ஐஸ்கிரீம் குடோனும்

டிசம்பர் 17, புதன்

பனி. கொடியில போட்ட துணி வெயில் ஏறியும் காயல. தளவாய்புரத்துக்குப் போக வேண்டிய நைட்டிக் கட்டு அப்படியே கெடக்கு, வண்டிக்காரன் போனே எடுக்கல. ஓவர்லாக் மெஷின் மறுபடி நூலை அறுக்குது.

பிரியா போன் பண்ணினா. பின்லாந்துல அப்ப இன்னும் இருட்டு. குரலே சரியில்ல. ஏழாம் மாசம் நடக்குது அவளுக்கு. நேத்து டாக்டர் பார்த்துட்டு, இனிமே நடக்கக் கூடாது, படுத்தே இருக்கணும், இல்லன்னா பிள்ளை முன்னாடியே வந்துரும்னு சொல்லிட்டாராம். மாப்ள விடியுமுன்ன ரயிலேறி வேலைக்குப் போறவர். பேரன் ஆதியை ஸ்கூல்ல விட, கூட்டியார ஆள் இல்ல. இவதான் வயித்தைத் தூக்கிக்கிட்டு நடந்துட்டு இருந்திருக்கா.

"தெரு பூரா ஐஸும்மா. மைனஸ் இருபது."

"பிப்ரவரியில வாரதா இருந்தேன், இப்பவே வந்துர்றேன்"னேன்.

பொறவு மெதுவா, "கோவிச்சுக்காத. குன்னூர் அத்தைய வரச் சொல்லவா? அவிய குளிருக்குப் பழகுனவிய. நீயும் வந்து படுத்துட்டா நான் என்ன செய்வேன்? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லும்மா. டிக்கெட் போடணும்."

கோவம் வராமலா இருக்கும்! குன்னூர் அத்தைன்னா அவ மாமியார், என் சம்பந்தி. நல்ல மனுசி. குறை சொல்ல ஒண்ணுமில்ல, அதுதான் எரிச்சல். ஆதி பிறந்தப்ப கொரோனா, பிளேன் இல்ல. போன்லயே பார்த்து, போன்லயே தாலாட்டு. இந்தத் தடவையும் இங்க உக்காந்தே பார்க்கணுமாக்கும்.

எங்க வீட்டுக்காரவிய பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காம, "குளிருக்குப் பயந்து கொடைக்கானல்ல பஸ்ஸை விட்டே எறங்காதவதானே நீ"ன்னாக.

சட்னி கேட்டாக. வைக்கல.

டிசம்பர் 18, வியாழன்

கடை கடையா ஏறி எறங்கினேன். ராஜபாளையத்துல குளிருக்குத் துணி தேடுறது பாலைவனத்துல படகு தேடுற மாதிரி.

பார்த்தது:
ஸ்வெட்டர். ஊசி என்ன, விரலே நுழையும்.
மலைக்கு மாலை போட்டவங்க வாங்குற குரங்குக் குல்லா.
பைக் ஓட்டுற பயலுவ ஜெர்கின். உள்ள பேப்பர் மாதிரி சலசலன்னு சத்தம்.

கடைக்காரத் தம்பி, "எங்கக்கா, ஊட்டிக்கா?"

"பின்லாந்து."

"அது எந்த மலைக்கா?"

சிரிச்சுட்டேன். கோவமெல்லாம் போயிருச்சு.

திரும்பி வார வழியில ஒரு வீம்பு. வருசக்கணக்கா ஊருக்கே நைட்டி தைக்கிறவ எனக்கு ஒரு கோட்டு தைக்க மாட்டேனா? மேலுக்கு மழைக்கோட்டுத் துணி. உள்ளுக்கு பிளானல். நடுவுல இலவம் பஞ்சு. எங்க வீட்டுல மெத்தை, தலகாணி எல்லாம் அதுதான், மார்கழியில அதுல படுத்தா எம்புட்டுக் கதகதப்பு! இதை ஏன் ஒருத்தரும் யோசிக்கலன்னு நினைச்சேன்.

நூல் வாங்கணும். பெரிய ஜிப் வாங்கணும். வண்டிக்காரனைத் திட்டணும்.

டிசம்பர் 19, வெள்ளி

பகல் பூரா தையல். பஞ்சு பறந்து பறந்து எல்லாருக்கும் தும்மல். ரெண்டு தலகாணி காலி. பஞ்சு கீழ எறங்கிரக் கூடாதுன்னு நெருக்க நெருக்கமா கட்டம் போட்டு அடிச்சேன். ஒரு கட்டமும் கோணல் இல்ல. நானே தடவித் தடவிப் பார்த்துக்கிட்டேன்.

மெஷின்ல உக்காந்திருந்த மாரியம்மா, "அக்கா, மெத்தைக்குக் கை வச்ச மாதிரி இருக்கு. ஆனா அழகாத்தான் இருக்கு."

போட்டேன். வேர்த்து ஊத்துச்சு. வேர்த்தா நல்லதுதானே!

அவிய சுத்திவந்து பார்த்துட்டு, "எல்லாஞ் சரி. இதை எங்க போய்ப் போட்டுப் பார்ப்பே? ராஜபாளையத்துலயா?"

குத்தலாத்தான் கேட்டாக. ஆனா கேட்டது நியாயம். அப்பத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெபமணி ஞாபகம் வந்தா. என்கூடப் படிச்சவ, ஐஸ்கிரீம் குடோன் வச்சிருக்கா. சுத்துப்பட்டுக் கடைக்கெல்லாம் அங்கயிருந்துதான் போகுது. போன் போட்டுக் கேட்டேன், அந்த ரூமுக்குள்ள எம்புட்டுக் குளிர்னு.

"மைனஸ் இருபது வச்சிருக்கோம். எதுக்குட்டி?"

சொன்னேன். அவ சிரிச்ச சிரிப்பு பக்கத்துல இருந்த அவியளுக்கே கேட்டுருச்சு.

டிசம்பர் 20, சனி

பஸ்ல கோட்டை மடியில வச்சுக்கிட்டுப் போனேன். பக்கத்து சீட்டு அம்மா, "தலகாணியா?"ன்னு கேட்டாக. ஆமான்னுட்டேன்.

ஜெபமணி கதவைத் திறந்தா. உள்ளயிருந்து புகை மாதிரி வெள்ளையா தரையோட வந்து காலைச் சுத்துச்சு. பயந்துட்டேன். கோட்டு, குல்லா, சாக்ஸ், அவிய ஷூ எல்லாம் போட்டுக்கிட்டு உள்ள போனேன்.

"சாத்தாதட்டி!"

"சாத்தாம என்னத்தப் பார்ப்பே? உள்பக்கம் கைப்பிடி இருக்கு. தள்ளுனா திறக்கும்."

சாத்திட்டா.

எப்படி எழுதுறதுன்னு தெரியல. குளிருன்னா காத்தும் ஈரமும்னுதான் இத்தன நாளா நினைச்சிருந்தேன். அது இல்ல. இது வேற. மூச்சை இழுத்தேன், மூக்குக்குள்ள முடி ஒண்ணொண்ணும் விறைச்சுப்போய்க் குத்துது. விட்டேன், என் மூச்சு என் கண்ணு முன்னால வெள்ளையா நிக்குது! பீடி குடிக்கிறவுக மாதிரி. இந்த வயசு வரைக்கும் என் மூச்சை நான் பார்த்ததில்ல. மறுபடி மறுபடி ஊதி ஊதிப் பார்த்தேன். இரும்பு ரேக்கு, அட்டைப்பெட்டி எல்லாத்து மேலயும் பொடி உப்பு தூவுன மாதிரி பூத்திருக்கு. வாசம்னு ஒண்ணுமே இல்ல. அம்புட்டு ஐஸ்கிரீம் இருக்கு, ஒரு வாசம் இல்ல.

அப்பத்தான் முதுகுல ஆரம்பிச்சுச்சு. கோடு கோடா. குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணு. நான் அடிச்ச கட்டம் அப்படியே உடம்புல தெரியுது. தையல் போன வழியெல்லாம் குளிர் வருது. ஊசி குத்துன ஒவ்வொரு ஓட்டையும் வாசலாப் போச்சு. ஆடிப்போனேன். ஒரு கட்டமும் கோணாம அடிச்சேனே, கட்டம் கட்டமா நானேதான் கதவு வச்சிருக்கேன்.

நிக்க முடியல. கைப்பிடியைத் தள்ளிக்கிட்டு வெளிய ஓடியாந்தேன். தாடை அடிக்குது. ஜெபமணி சுக்குக் காப்பி குடுத்தா. இந்தத் தடவை சிரிக்கல அவ.

பால்கோவா கடையில கூட்டம். வாங்காமயே பஸ் ஏறிட்டேன். குன்னூர்க்காரவியளே போகட்டும்னு வழி நெடுக நினைப்பு. ஆனா விட்டுக்குடுக்க மனசே இல்ல.

வீட்டுல அவிய பேப்பரைக் கீழ வச்சாக. மூஞ்சியைப் பார்த்தாக, எந்திரிச்சு வெளிய போனாக. அடுத்த தெரு கிருபை டீச்சர் வீட்டுல இருந்து ஒரு கோட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாக. அவுக மக கனடாவுல இருந்து வந்தப்ப விட்டுட்டுப் போனதாம். கறுப்பு, முழங்கால் தாண்டி. அந்துருண்டை நாத்தம்.

"போய்க் கேட்டீகளா? நீங்களா?"

"சும்மா பார்த்துட்டுக் குடுத்துரு"ன்னாக. அந்த மனுசன் யார்கிட்டயும் ஒரு குடை கூட இரவல் கேக்காதவர்.

டிசம்பர் 21, ஞாயிறு

வெளிச்சம் வந்ததும் கோட்டை மெஷின் மேல விரிச்சேன்.

தூக்குனா கனமே இல்ல. என் கோட்டுல பாதி கூட இருக்காது. பைக்குள்ள ஓரம் பிரிஞ்சு கெடந்துச்சு, விரலை விட்டுத் துழாவினேன். வாத்தோட இறகு, அடிவயித்துப் பூமுடி. விரல்ல இருக்கா இல்லையான்னே தெரியல, ஆனா விரல் சூடாகுது. ஐஸ் மேல உக்காந்திருக்கிற வாத்து இதைத்தான் போத்திக்கிட்டு உக்காந்திருக்கும்போல.

தையலைப் பார்த்தேன். மேல் தையல் உள் துணி வரைக்கும் வரவே இல்ல! மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவுல விரக்கடை அகலத்துல துணிச்சுவரு வச்சு, மேல ஒரு பக்கம், கீழ ஒரு பக்கம்னு தனித்தனியா அடிச்சிருக்கு. குளிர் நேரா உள்ள வர வழியே இல்ல. எம்மாடி! எந்த மூளைக்குத் தோணுச்சோ. அம்புட்டு நீளத்துல ஒரு இடத்துல நூல் தடுமாறல.

கழுத்துல லேபிள். பங்களாதேஷ்.

அங்கயும் நம்ம வெயில்தானே? காத்தாடிக்குக் கீழ வேர்க்க வேர்க்க உக்காந்து எவளோ ஒருத்தி இதை அடிச்சிருக்கா. இந்தக் குளிரைக் கண்ணால கூடப் பார்த்திருக்க மாட்டா. மகராசி நல்லா இருக்கணும். பைக்குள்ள பிரிஞ்சதை நான் தச்சு விட்டேன். என் தையல் அவ தையல் பக்கத்துல கொஞ்சம் பெருசாத்தான் தெரியுது.

மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர். இந்தத் தடவை அவியளும் கூட வந்தாக. ஜெபமணி, "ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போக விடமாட்டேங்கியே"ன்னுக்கிட்டே திறந்தா.

உள்ள போனேன். முதுகுக்கு ஒண்ணும் தெரியல. மாருக்கு ஒண்ணும் தெரியல. முகத்துல மட்டும் அறையுது. நடந்தேன். ரேக்குக்கு நடுவுல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும், ஆதி கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிற மாதிரி நடந்தேன். வெளிய அவிய கதவைத் தட்டுறது கேக்குது, "இருக்கியா? ஏய், இருக்கியா?" இருக்கேன்னு நானும் தட்டினேன். மயங்கல, தள்ளாடல. என்னால முடியுது!

அந்தச் சந்தோசத்துலதான் கோட்டுப் பையில இருந்து எடுத்து மாட்டியிருந்த கையுறையைக் கழட்டி ரேக்கைத் தொட்டுப் பார்த்தேன். சுள்ளுன்னு நெருப்பு மாதிரி. அப்பத்தான் உறைச்சுச்சு. ஆறு வருசமா என் பிள்ளை இதுக்குள்ளதான் இருக்கா. நான் இங்க ரூமுக்குள்ள வந்து நிக்கிறதுக்கே இம்புட்டு ஆர்ப்பாட்டம். அவ வாசலைத் திறந்தா இதுதான். பஸ்ஸுக்கு இதுலதான் நின்னிருக்கா, ஆதியை வயித்துல வச்சுக்கிட்டு இதுலதான் நடந்திருக்கா. எப்பக் கேட்டாலும் நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா. ஒருநாள் கூடக் குளிருதுன்னு அந்த வாயில வந்ததில்ல. என் வயித்துல பொறந்ததா இது? அழுதேன். கண்ணீர் இமையிலயே ஒட்டுது.

சாயந்தரம் போன் போட்டேன். கோட்டோட என்னை ஜெபமணி எடுத்த வீடியோவை அனுப்பியிருந்தேன், பிரியா அதுக்குள்ள பார்த்திருக்கா. சிரிக்கா.

"பிரியா, மொத வருசம் நீ என்னத்தட்டி போட்டுக்கிட்டு நடந்தே? நான் வாங்கிக் குடுத்தது ஒரு ஸ்வெட்டர்தானே?"

"அத எதுக்கு இப்ப."

"சொல்லு."

"அழக் கூடாது. நீ தச்சுக் குடுத்து விட்ட நைட்டி நாலு இருந்துச்சுல்ல? நாலையும் ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டு பேன்ட்டுக்குள்ள செருகிக்கிடுவேன். மேல ஸ்வெட்டர். மொத சம்பளம் வந்துதான் கோட்டு வாங்கினேன்."

அந்தப் பக்கம் ஆதி என்னமோ கத்துறான். அவிய என் பக்கத்துல தரையைப் பார்த்துக்கிட்டு நிக்காக.

"குளிருச்சாத்தா?"ன்னேன்.

"ரொம்பக் குளிருச்சும்மா"ன்னா.

"நீ எந்திரிக்காத. படுத்துக்க. எனக்கு டிக்கெட் போடு."