ஆன் என்று காட்டும் டப்பா

ஜூன் 9, செவ்வாய்

காலை ஏழுக்கே வெயில். ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறும்போதே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அக்கா ஸ்டெல்லா பெண்கள் பெட்டியில், நான் கூட்டத்தில். கும்மிடிப்பூண்டியில் இருவருக்கும் ஒரே கம்பெனி. அவள் ஆசிட் தொட்டியில், நான் எலக்ட்ரீசியன். இருவரும் கான்ட்ராக்ட். வேலை வாங்கிக் கொடுத்தது அவள். அதனால் அங்கே வாயை அடக்குகிறேன். இந்த நோட்டில் அடக்க வேண்டியதில்லை.

ஆசிட் ஷெட்டில் இன்று எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டும் ஓடவில்லை. மேனேஜரின் மூளைதான் காரணம். இரண்டு மாதம் முன்பு ஆன்லைனில் ஒரு வைஃபை ரிலே வாங்கினார். தீப்பெட்டி அளவு, பிரியாணி விலை. ஃபேன் ஸ்டார்ட்டரோடு இணைக்கச் சொன்னார். திருவள்ளூர் வீட்டில் சோபாவில் சாய்ந்தபடி போனிலேயே ஃபேனை நிறுத்தலாம், கரண்ட் மிச்சம். ஆனால் அந்த டப்பா நேராகப் போனோடு பேசாது. ஏதோ வெளிநாட்டு சர்வரைக் கேட்டுத்தான் எதையும் செய்யும். சர்வர் நேற்றே படுத்துவிட்டது. ஃபேனைக் கையால் போடலாமென்றால் பேனல் ரூம் சாவி மேனேஜரிடம். மேனேஜர் வந்தது பதினொன்றுக்கு. அதுவரை, ‘லோடு போகணும், உள்ள போங்க’ என்று போனிலேயே விரட்டினார்.

ஐந்து பேர். மூன்று மணி நேரம். துருப்பிடித்த இரும்பைத் தொட்டியில் முக்க முக்கப் புகை. த்தூ.

கம்ப்ரசர் போடுகிற சத்தத்தில் ஃபேன் ஓடுகிறதா என்று காதுக்குத் தெரியாது. அக்கா தன் பழைய ரோஸ் துப்பட்டாவில் ஒரு துண்டு கிழித்து ஃபேன் கிரில்லில் கட்டிவைத்திருக்கிறாள். ரிப்பன் படபடத்தால் வேலை. தொங்கினால் வெளியே. ஷெட்டில் எல்லோரும் பார்ப்பது அதைத்தான்.

மேனேஜர் கூப்பிட்டார். “எப்பப் பாரு மொபைல நோண்டிக்கினே இருக்கியே, இத கொஞ்சம் நோண்டு.”

ரிலேயில் கம்பெனி போட்ட ஃபர்ம்வேரை, அதை நடத்தும் உள் புரோகிராமை, அழித்துவிட்டு ஓப்பன் சோர்ஸ் போடலாம் என்றேன். சர்வர் வேண்டாம், நம் வைஃபையிலேயே ஓடும். “நம்ம சொல்றதத்தான் கேக்கும் சார். இன்னா வேணா செய்ய வைக்கலாம், இன்னா வேணா காட்ட வைக்கலாம்.”

“காசு?”

“ஓசி சார்.”

முகம் மலர்ந்தது.

ஜூன் 10, புதன்

தேவை: லேப்டாப்போடு இணைக்க யூஎஸ்பி சீரியல் அடாப்டர் (இருக்கிறது). மெல்லிய வயர் நாலு. சால்டரிங் அயர்ன் (மூக்கு தேய்ந்தது). பொறுமை (இல்லை).

ரிலேயைக் கழற்றி எடுத்தேன். மெயின் லைனோடு இருக்கும்போது இதைத் தொடவே கூடாது, தொட்டால் நாட்குறிப்பு இன்றோடு முடியும். மூடியை நெம்பினால் உள்ளே ஓரமாக நாலு துளை. வயர் பற்றவைத்தேன். மூன்று புள்ளி மூன்று வோல்ட்தான், ஐந்து கொடுத்தால் சிப் காலி. பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே கரண்ட் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். லேப்டாப் ‘இணைக்க முடியவில்லை’ என்றது. எட்டு முறை.

ரிலே இல்லாததால் ஃபேனை நேரடியாக இணைத்துவிட்டேன். நாள் முழுக்க ஓடியது. ரிப்பன் திருவிழாக் கொடி மாதிரி. தொட்டியில் வேலை செய்யும் முனுசாமி அண்ணன் வந்து தோளில் தட்டினார்.

“நைனா, அத்த ஒயுங்கா ரிப்பேர் பண்ணாத. ஒரு மாசம் இப்டியே இயுத்துக்கினு போ.”

அக்கா சிரித்தாள். எத்தனை நாளாயிற்று. சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஜூன் 11, வியாழன்

புழுக்கம். மேகம் வருகிறது, பெய்யாமல் போகிறது.

தப்பு கண்டுபிடித்துவிட்டேன். அனுப்பும் வயரும் வாங்கும் வயரும் இடம் மாறியிருந்தன. மாற்றியதும் சதவீதம் ஓட ஆரம்பித்தது. நூறு. புது ஃபர்ம்வேர் எழுந்து வைஃபையில் வந்து நின்றது. தொட்டால் டக், தொட்டால் டக். தனியாகச் சிரித்தேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ‘இன்னும் ஆகவில்லை சார்’ என்று ஒரு மாதம் ஓட்டியிருக்கலாம். முனுசாமி அண்ணன் சொன்னதுதான் புத்தி. எனக்கோ யாரிடமாவது காட்டியாக வேண்டும். ஓடிப்போய்க் காட்டினேன். நாய் குச்சியைக் கவ்விக்கொண்டு போகிற மாதிரி.

மேனேஜர் கேட்டது ஒன்றே. “டைமர் இருக்கா?”

இருக்கிறது.

“மணிக்குப் பத்து நிமிஷம் ஃபேன் ஓடினா போதும். ஸ்கிரீன்ல மட்டும் ஷிஃப்ட் ஃபுல்லா ஆன்னு நிக்கணும். மண்டே சேஃப்டி ஆடிட். இன்னா வேணா காட்ட வைக்கலாம்னு நீதானே சொன்ன?”

லேப்டாப்பை மூடப் போனேன்.

“உங்க அக்கா நல்லா வேல செய்றா இல்ல?” என்றார். அன்பாகத்தான் கேட்டார்.

செய்து கொடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய ஃபர்ம்வேர் வெளிநாட்டானுக்கு அடிமை, ஆனால் அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. நான் கற்றுக்கொடுத்தேன்.

ஜூன் 12, வெள்ளி

பத்து நிமிடம் ஓடுகிறது. ஐம்பது நிமிடம் ரிப்பன் தொங்குகிறது. ஐந்து பேரும் வெளியே வந்து நின்றுவிட்டார்கள். மேனேஜர் போனோடு வந்தார்.

“எதுக்கு எல்லாம் வெளிய நிக்கிறீங்க?”

“ஃபேன் ஓடல சார்,” அக்கா.

போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். “பாரு. ஆன். பச்சையா தெரியுதா?”

“ரிப்பன் ஆடல சார்.”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா, உன் கந்தல் துணி பொய் சொல்லுமா?”

முனுசாமி அண்ணன் பணிவாக, “சார், அந்த போன கொஞ்சம் தொட்டி மேல புடிங்க. பொக அதுக்குள்ள போவுதானு பாப்போம்.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் முகம் சுண்டிப்போயிற்று. ரிப்பனைக் காட்டினார். “ஆடிட்டுக்கு வர்றவன் இந்தக் கந்தலப் பாக்கணுமா? தம்பி, ஏறி அவுத்துடு.”

தம்பி நான்தான். ஏணி வைத்து ஏறினேன். முடிச்சு ஆசிட் புகையில் இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். புளிப்பு. இறங்கும்போது அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஸ்டேஷனில் ஒரே ஒரு வார்த்தை பேசினாள். “நீயா?”

ஜூன் 13, சனி

அரை நாள் ஷிஃப்ட். நாஷ்டா இறங்கவில்லை. வாயில் இன்னும் அந்தப் புளிப்பு.

யோசித்தது: மேனேஜருக்கு ஃபர்ம்வேரில் ஒன்றும் தெரியாது. முதல் பக்கத்தை மட்டும் பார்ப்பார், பச்சையாக ஆன். பாஸ்வேர்டு என்னிடம். ஃபேன் சத்தம் அவர் காதுக்கும் கேட்காது. மிச்சமிருந்த ஒரே சாட்சி ரிப்பன். அதை அவரே அவிழ்க்கச் சொல்லிவிட்டார்.

டைமரை அழித்தேன். ஃபேன் ஷிஃப்ட் முழுக்க ஓடும். திரையும் ஆன் என்றே காட்டும். திரை இப்போது சொல்வது உண்மை. அவர் அதைப் பொய் என்று நம்பிக்கொண்டிருப்பார்.

மாதக் கடைசியில் கரண்ட் பில் வரும். வரட்டும். அன்றைக்கு என் கேட் பாஸைத் திருப்பிக் கேட்பார், வேலை போகும். அவளுடையதையும் கேட்பாரா என்பதுதான் தெரியவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

சர்ச். அக்கா பாட்டுக் குழுவில் முதல் வரிசை. வாய் அசைந்தது, குரல் வரவில்லை. பாதியில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் கறிக்குழம்பு. எனக்குத் தட்டு வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 15, திங்கள்

லேசான தூறல். ஆடிட்.

வெள்ளை ஹெல்மெட் போட்ட இரண்டு பேர். ஷெட் வாசலோடு நின்றுகொண்டார்கள். மேனேஜர் போனைக் காட்டினார். “எக்ஸாஸ்ட் ஃபுல் ஷிஃப்ட் ஆன் சார். எல்லாம் ஆட்டோமேட்டிக்.” தலையாட்டினார்கள், எழுதிக்கொண்டார்கள். அவர்கள் தலைக்குப் பின்னாலிருந்து மேனேஜர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார், கூட்டுக் களவாணிக்கு அடிக்கிற மாதிரி. நானும் பதிலுக்குச் சிரித்தேன்.

உள்ளே முனுசாமி அண்ணன், “இன்னா நைனா, இன்னிக்குக் கண்ணே எரியல?”

அவர்கள் போனதும் அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். “மாத்திட்டேன்கா. இனிமே நிக்காது. ஓடிக்கினேதான் இருக்கும்.”

“எத்த வெச்சி சொல்ற? போன பாத்தா?”

“நான் பண்ணதுகா. நம்பு.”

“அந்தப் பொய்ப் பச்சையும் நீ பண்ணதுதான?”

முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். கிரில் வரை நடந்து, நுனியை நீட்டிப் பிடித்தாள். துணி உள்ளே இழுபட்டுப் படபடத்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுபடி கட்டிக்கொண்டு தொட்டிக்குத் திரும்பினாள்.

“ஒரு மணிக்கு இன்னொரு தபா புடிச்சிப் பாப்பேன்.”

பார்த்தாள். மூன்று மணிக்கும் பார்த்தாள்.