சுரபுன்னை நாட்டுக்கு நடந்து வந்தவர்கள்

என் அருமை மச்சான் அருளுக்கு,

நல்லா இருக்கியா என்று ஆரம்பிக்கக் கை போனது, நிறுத்திக்கொண்டேன். செம்மண்டலத்திலிருந்து உன் மாமா எழுதுகிறேன். சிதம்பரம் பெயிண்ட் கடைக்கு அதே காலை பஸ், அதே நெரிசல். கரண்ட் மட்டும் நீ இருந்தபோது போனதைவிட ஜாஸ்தியாகப் போகிறது. புயலில் கொல்லைப்புறத்து முருங்கை வேரோடு சாய்ந்துவிட்டது. அப்புறம், பாப்பா பிறந்தது உனக்குத் தெரியாதே! பொண்ணு. இப்போது நடக்கிறாள். உன்னைப்போலவே கையில் கிடைத்ததைப் பிரித்துப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்து சிரிக்கிறாள்.

அக்கா எப்படி இருக்கிறாள் என்றுதானே கேட்கிறாய்? கலா சமைக்கிறாள், சிரிக்கிறாள், என்னைத் திட்டுகிறாள், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் நீ தங்கியிருந்த அறைக்குள் மட்டும் காலெடுத்து வைப்பதில்லை. உன் கம்ப்யூட்டர் மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்திக் கதவைச் சாத்தியவள்தான்.

மஞ்சள் காமாலையில் நீ போனபோது அவளுக்கு நிறைமாதம். மாசமாக இருக்கிறவள் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று தெருவே சேர்ந்து அவளைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை உங்கள் ஊர் கிள்ளைக்குக் கொண்டுபோனபோது நான் மட்டும்தான் கூட வந்தேன். அப்பா அம்மா போனபிறகு அவளுக்கென்று இருந்த ஒரே ஆள் நீ. உன் முகத்தை அவள் கடைசியாகப் பார்க்கவில்லை. "நான்தான் பாக்கலியே, அப்ப அவன் இன்னும் அங்கியேதான இருக்கான்?" என்று ஒருநாள் கேட்டாள். அதற்குப் பதிலை நீயே சொல்லு பார்ப்போம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் உன் கூட்டாளி பஷீர் கடைக்கு வந்தான். சிதம்பரத்தில் அவன் பிரவுசிங் சென்டருக்கு வெள்ளையடிக்க டிஸ்டம்பர் வாங்க வந்தவன், பில் போடும்போது சும்மா சொல்வதுபோல் சொன்னான்.

"மாமா, அருள் பண்ண மோட் இருக்கு பாருங்க, அத இன்னும் ஆடறாங்க. முன்னவிட ஜாஸ்தி பேர் ஆடறாங்க."

"யாருடா?"

"எல்லா நாட்லயும்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ போய் இத்தனை நாளாச்சு, உன் கையால் செய்த ஒன்றை முகம் தெரியாத யாரோ ஆடுகிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அதில்? எனக்குத் தெரிந்த ஆட்டம் கேரம். ரெட் காயைப் போட்டோமா, ஃபாலோ போட்டோமா, எழுந்தோமா. நீ எத்தனையோ தடவை "வந்து பாருங்க மாமா" என்றாய். நான் மஞ்சக்குப்பத்து கிளப்புக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருப்பேன்.

மோட் என்றால் என்ன என்று நீ ஒருமுறை சொன்னது மட்டும் நினைவிருந்தது. "ஓட்டல்ல வாங்குன சாம்பார்ல நம்ம வீட்டு வடகத்தத் தாளிச்சிக் கொட்றோம்ல, அதான் மாமா." எவனோ வெளிநாட்டுக்காரன் செய்து விற்ற கம்ப்யூட்டர் ஆட்டம். ராஜ்ஜியங்கள், மந்திரவாதிகள், பறக்கும் பல்லிகள், படை திரட்டி ஊரைப் பிடிப்பது. அதன் உள்ளே புகுந்து நீ உன் வடகத்தைக் கொட்டியிருக்கிறாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே புடவையை விலக்கி உட்கார்ந்துவிட்டேன். எப்படி ஆடுவது என்று பஷீர் போனில் சொல்லிக்கொடுத்தான். பாவம், பொறுமைசாலி.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. உன் சுரபுன்னை நாட்டை எடுத்துக்கொண்டேன். பிச்சாவரத்தை அப்படியே பேர்த்து வைத்திருக்கிறாய் பாவி! வாய்க்காலுக்குள் வாய்க்கால், தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் மரங்கள், அந்த மரங்கள் ராத்திரியில் எழுந்து இடம் மாறிக்கொள்கின்றன. நேற்று போன வழி இன்றைக்கு இல்லை. எதிரிப் படகு உள்ளே வந்தால் வெளியே போகத் தெரியாமல் சுற்றுகிறது. நானும்தான் சுற்றினேன். என் சொந்தப் படை என் சொந்தக் காட்டில் தொலைந்துபோனதற்குப் பஷீர் விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்புறம் அந்த மழை. மூல ஆட்டத்தில் பனிக்காலம் வருமாம், வழியெல்லாம் உறைந்து கெட்டியாகி, படை வேகமாகப் போகுமாம். நீதான் பனியைக் கண்ணால் பார்த்ததில்லையே! குளிர்காலம் என்றால் அடைமழை, வெள்ளம், ரோடு அறுந்துபோவது என்று எழுதிவிட்டாய். ஐப்பசி வந்ததும் உலகம் முழுக்க, மலை உச்சி வரைக்கும், முழங்கால் தண்ணீர். ஒரு படையும் நகராது. "தப்பு இருக்கு, சரி பண்ணு" என்று வெளிநாட்டுக்காரர்கள் உனக்கு எழுதினார்களாம். நீ சரிசெய்து அனுப்பியதும் "ஐயோ, பழையபடியே மாத்து" என்று கெஞ்சினார்களாம். ஏன்? சண்டை நின்றுபோன அந்த நாட்களில்தான் ஒருவருக்கொருவர் தூது விட்டார்கள், நெல்லும் உப்பும் மாற்றிக்கொண்டார்கள், வம்பு பேசினார்கள். அது அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. அதைக் கேட்டபோதுதான் எனக்கு இதில் ஏதோ இருக்கிறது என்று ஆவல் பிறந்தது.

இன்னொன்று. ஒரு தூதனைக் கிளப்பினேன். ஸ்பீக்கரில் சத்தமாக ஒரு குரல், "தோ, போய்ட்டு வரேன்!"

என் குரல்! காலையில் கடைக்குக் கிளம்பும்போது நான் வாசலில் நின்று கத்துவதை எப்போது ரெக்கார்டு பண்ணினாய், திருட்டுப் பயலே? எந்த நாட்டுத் தூதன் கிளம்பினாலும் நான்தான் கத்துகிறேன். வெளிநாட்டில் ஆடுகிறவர்கள் மெயில் முடிக்கும்போது இங்கிலீஷ் எழுத்தில் "போய்ட்டு வரேன்" என்று போடுகிறார்களாம். நம் தெருவில் என்னை மதிக்க ஒரு நாய் இல்லை, கடல் தாண்டி எனக்கு இத்தனை பேர்!

ஆனால் மச்சான், உன் ஆட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஒரு சண்டையில் பக்கத்து நாட்டுத் தலைவனை என் ஆட்கள் கொன்றுவிட்டார்கள். நான் குஷியாக அடுத்த ஊரைப் பிடிக்கப் போனால் படை நகரமாட்டேன் என்கிறது. செத்தவன் நாட்டோடு எல்லை தொட்டிருக்கிற எல்லா நாட்டிலிருந்தும் ஆயுதம் இல்லாமல் ஒரு ஆள் கிளம்பி அந்தச் சாவு வாசலுக்குப் போகிறான். கொன்ற நானும் ஒரு ஆளை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் என் ஜனங்களே எனக்கு நெல் அளக்கமாட்டார்கள். அந்த வீட்டார் "எடுக்கலாம்" என்று சொல்லும்வரை எல்லோரும் நிற்க வேண்டும். சொன்னதும் திரும்பிப் போய்விடுவார்கள். அப்போது மட்டும் என் குரல் வராது. "சத்தம் வரலியே, கெட்டுப்போச்சா?" என்று கேட்டவர்களுக்கு, "சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது எங்கள் ஊரில் போய்ட்டு வரேன் என்று சொல்ல மாட்டோம்" என்று நீ பதில் எழுதியிருக்கிறாய்.

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவும் பெரியப்பாவும் வேலித் தகராறில் எத்தனையோ வருஷம் முகம் பார்க்காமல் இருந்தார்கள். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் வரவில்லை. உன் அப்பா போன அன்று யாரும் சொல்லிவிடாமல் உன் பெரியப்பா மாலையோடு வந்தார். யாரோடும் பேசவில்லை. பாடைக்கு முதல் தோள் கொடுத்தார். முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நீ அவரையே பார்த்துக்கொண்டு நின்றாய். அன்றைக்கு உன் மண்டைக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருந்ததா?

பஷீரிடம் கேட்டேன். "ஏன்டா, ஜெயிக்கப்போற நேரத்துல கையக் கட்டிப் போட்டா ஆடறவனுக்குக் கடுப்பா இருக்காதா?"

"மொதல்ல கடுப்பாதான் இருக்கும் மாமா. அப்பறம் பாருங்க, வேற ஆட்டத்துல எதிரி செத்தா கணக்குல ஒண்ணு கொறையும், அவ்ளோதான். இதுல நம்ம ஆளும் போயி நிக்கறான். நின்னுட்டு வந்தவன் மறுபடி அதே மாதிரி அடிக்க மாட்டான். அடிக்கறதா வேணாமான்னு யோசிப்பான். அந்த யோசனதான் மாமா ருசி."

எனக்கு முழுக்கப் புரிந்ததா என்று கேட்காதே. கேரத்தில் காய் பையில் விழுந்தால் விழுந்ததுதான், அதற்காக யாரும் எழுந்து நிற்பதில்லை. ஆனால் ஒன்று, அதற்குப் பிறகு நான் ஒரு தலைவனையும் சாகடிக்காமல் எப்படி ஜெயிப்பது என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். இறங்க வேண்டிய இடத்தை ஒருநாள் கோட்டைவிட்டேன்.

அதன் பிறகுதான் பஷீர் தயங்கித் தயங்கி அந்தச் சேதியைச் சொன்னான். நீ கடைசியாக ஆடிக்கொண்டிருந்தாயே, ஐந்து பேர் சேர்ந்து ஆடியது, ஒருவர் தன் முறையை ஆடி அடுத்தவருக்கு மெயிலில் அனுப்புவது. அந்த ஆட்டம் மட்டும் அப்படியே நிற்கிறதாம். நீ போன விஷயத்தைப் பஷீர்தான் அவர்களுக்கு எழுதியிருக்கிறான். கடைசியில் உனக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். உன் மெயிலில் பிரிக்காமல் கிடக்கிறது.

"நீ தொறந்து பாத்திருக்கலாம்லடா?"

"வீட்டாளுங்கதான் மாமா தொறக்கணும். நாங்க தொறக்கக் கூடாது."

போன ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் திறந்தேன். கலா அடுப்படியில் சங்கரா மீன் அலசிக்கொண்டிருந்தாள். பாப்பா அவள் காலடியில்.

திரையில் உன் சுரபுன்னை நாடு. உன் தலைவனை இறந்தவனாகக் குறித்துவிட்டு, உன் முறையை மட்டும் தாண்டித் தாண்டி அவர்கள் நாலு பேரும் ஆடியிருக்கிறார்கள். படகுத்துறையில் ஆயுதம் இல்லாமல் நாலு பேர் நிற்கிறார்கள். பக்கத்து நாட்டுக்காரர்கள் இரண்டு பேர். உப்பளத்துக்காக உன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த போலந்துக்காரன் அனுப்பிய ஆள் ஒருவன். கடைசியில் நிற்பவன் வடக்குக் கோடியிலிருந்து வந்தவன். அந்த நாட்டை ஆடுகிறவர் பின்லாந்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாராம். அவருக்கும் உனக்கும் எல்லையே கிடையாது. நீ போட்ட விதிப்படி அவர் வர வேண்டியதே இல்லை மச்சான்! வெள்ளத்திலும் சேற்றிலும், உலகத்தையே குறுக்கே நடந்து வந்திருக்கிறான் அவர் ஆள். அவன் வந்து சேரும்வரை மற்ற மூன்று பேரும் சுற்றுச் சுற்றாக ஒன்றுமே ஆடாமல் நின்றிருக்கிறார்கள்.

அப்போது ஸ்பீக்கரில் குரல் கேட்டது.

"இன்னும் யாராவது வரணுமா?"

உன் குரல். பாடை எடுப்பதற்கு முன்னால் பெரியவர்கள் கேட்பார்களே, அதே மாதிரி நிதானமாக, கொஞ்சம் கரகரப்பாக. கீழே ஆங்கிலத்தில் அதே கேள்வி, ஆமாம், இல்லை என்று இரண்டு கட்டம்.

அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. மீன் கையோடு கலா வந்து அறை வாசல்படிக்கு வெளியே நின்றாள்.

"யாருங்க அது?"

"உன் தம்பிதான்."

"இன்னா கேக்கறான்?"

அவளே கேட்கட்டும் என்று "ஆமாம்" என்ற கட்டத்தை அழுத்தினேன். உன் விதிதான், ஆமாம் என்றால் பொறுத்திருந்து மறுபடி கேட்கும். கேட்டது.

"இன்னும் யாராவது வரணுமா?"

"நான் வரணும்டா," என்றாள் கலா. "நான்தான்டா வரணும்."

படியைத் தாண்டி உள்ளே வந்தாள். தரையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி, அன்றைக்குக் கிள்ளையில் அழ வேண்டியதை எல்லாம் அழுதாள். நான் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று ஓடிவந்து பார்த்துவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனது. நானும் அழுதேன், உன்கிட்ட என்ன மறைக்கிறது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அது யார், இது யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். சொன்னேன். கடைசி ஆளை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பாவம்ங்க, எவ்ளோ நாளா நிக்கறாங்க. அவுங்களுக்கும் வீடு வாசல் இருக்குல்ல? அந்தக் கோடிக்காரரு வேற எவ்ளோ தூரம் நடக்கணும். அனுப்பி வைங்க."

"நீயே சொல்லு."

மவுஸை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியாது. கையைப் பிடித்து வைத்தேன். "எல்லாரும் வந்தாச்சுடா," என்று சொல்லிக்கொண்டே "இல்லை" என்பதை அழுத்தினாள். நாலு பேரும் திரும்பினார்கள். ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள். என் குரல் வரவில்லை. அன்றைக்கு மீன் குழம்பில் உப்பு ஜாஸ்தி, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். சாயங்காலம் அவளே அந்த அறையைப் பெருக்கி ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

இப்போது உன் முறை நிற்கிறது மச்சான். அதை நான் ஆடுகிறேன். நன்றாக ஆடமாட்டேன், உன் காட்டில் நானே தொலைவேன், உப்பளத்தைப் போலந்துக்காரன் பிடித்தாலும் பிடிப்பான். ஆனால் அந்த ஐந்து நாட்டில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், எல்லை இருக்கிறதோ இல்லையோ, சுரபுன்னை நாட்டிலிருந்து ஒரு ஆள் கட்டாயம் போய் நிற்பான். இது மாமா உனக்குக் கொடுக்கும் வாக்கு.

தினமும் வாசலில் கத்துவதை இந்த ஒருமுறை கத்தாமல் எழுந்துகொள்கிறேன்.

உன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்த,
உன் மாமா